ஆச்சியின்ர திவசத்துக்கு முன்னம், அன்ரிக்கு

அன்ரிக்கு,

வாற வியாழன் ஆச்சியின்ர ஆட்டைத் திவசம் எண்டு முன்வீட்டு மாமி சொன்னா. ஐயருக்குக் காசு வந்திட்டுதாம், சமையலுக்கும் ஆள் சொல்லியாச்சாம். என்னை ஒருத்தரும் கூப்பிடேல்லை. கூப்பிடுவினம் எண்டு நான் நினைக்கவும் இல்லை. ஆனால் அந்தக் கதையைக் கேட்ட நாள் துவக்கம் எனக்கு வடிவா நித்திரை இல்லை. நீங்கள் என்ர நம்பரை புளொக் பண்ணினது தெரியும். அதாலதான் நாலு பேர் பாக்கிற இடத்தில இதை எழுதுறன். உங்கட சகோதரங்களும் வாசிப்பினம், என்ர பட்ச் பிள்ளையளும் வாசிப்பினம். அதால சில இடத்தில பேர் சொல்லமாட்டன், சில கதையைப் பாதியில விட்டிடுவன். குறை நினைக்காதேங்கோ.

நேர்சிங் படிக்கிற நான், நீங்கள் ரொறன்ரோவில இருக்க, பக்கவாதத்தில கிடந்த உங்கட அம்மாவை, எங்கட ஆச்சியை, பாக்க ஏன் உங்கட வீட்டுக்கு இரவில வந்து நிண்டனான், ஆர் கதைச்சு விட்டது, சம்பளம் எவ்வளவு, எல்லாம் உங்களுக்குத் தெரிஞ்சது. எங்கட வீட்டு நிலைமையும் தெரியும். கம்பஸ் பிள்ளையளுக்குக் குடுக்கிற மகாபொல உதவிப்பணம் மாசம் 5000 ரூபா, அதுவும் பிந்திப் பிந்தித்தான் வரும் எண்டு சொன்ன நேரம் "அதை வச்சு என்ன செய்யிறது பிள்ளை" எண்டு நீங்கள் கேட்டது இப்பவும் காதுக்குள்ள நிக்குது. அதுக்குப் பிறகுதான் நேர்சிங் சப்பாத்து ஒரு சோடி பார்சலில வந்தது. அந்தச் சப்பாத்தைத்தான் இண்டைக்கும் வாட்டுக்குப் போட்டுக்கொண்டு போறன். அடி தேய்ஞ்சு போச்சு. வேற வாங்க மனம் வரேல்லை.

சொல்ல வந்தது அந்த ஒரு இரவைப் பற்றி. நீங்கள் கண்டது அதில பாதிதான்.

2024 மாசி. அண்டைக்குக் காலமை 7 மணிக்குப் பெரியாஸ்பத்திரியில கிளினிக்கல், பின்னேரம் லெக்சர், பிறகு இரண்டு பிள்ளையளுக்கு விஞ்ஞான ரியூசன். எட்டரைக்குச் சைக்கிளை உங்கட விறாந்தையில சாத்திப்போட்டு உள்ள வந்தனான். ஆச்சியை நிமித்தி இருத்தி, தடிப்பாக் கரைச்ச கஞ்சியைக் கரண்டி கரண்டியாப் பருக்கி, அரை மணித்தியாலம் அப்பிடியே இருக்க வச்சு, 10 மணிக்கு இடப்பக்கம் சரிச்சுப் படுக்க வச்சன். 12 மணிக்கு நேராக்கினன். 2 மணிக்கு வலப்பக்கம் திருப்ப வேணும். போனில அலாரம் வச்சிட்டு மேசையில நோட்ஸை விரிச்சன். அடுத்த நாள் மருந்தியல் சோதினை. இரத்த அழுத்த மருந்துகள்தான் பாடம். ஆச்சி குடிக்கிற அம்லோடிபினும் அதுக்குள்ள வரும். அந்தக் குளிசை கணுக்காலை வீங்கப் பண்ணும் எண்டதைப் புத்தகத்தில படிக்க முதலே ஆச்சியின்ர காலில கண்டு வச்சிருந்தனான்.

எப்ப கண் அயர்ந்தன் எண்டு தெரியாது. அலாரத்தை நித்திரையிலயே நிப்பாட்டியிருக்கிறன்.

2:40க்கு, அறையில பூட்டியிருந்த கமராவில பாத்திட்டு நீங்கள் எடுத்த கோல் வந்தது. ரொறன்ரோவில பின்னேரம் 4:10. வேலை முடிஞ்சு பஸ்ஸுக்கு நிண்டிருப்பியள். பின்னால வாகன இரைச்சல் கேட்டது. "பிள்ளை, எழும்பும். அம்மா உம்மைக் கூப்பிடுறா." நீங்கள் ஏசவே இல்லை. குரல் மட்டும் நடுங்கினது. ஆச்சியின்ர கட்டிலுக்கும் என்ர கதிரைக்கும் மூண்டடி இருக்குமோ? மூண்டடியில இருந்து கூப்பிட்டது எனக்குக் கேக்கேல்லை. ரொறன்ரோவில இருந்து நீங்கள் எழுப்பி விட வேண்டியிருந்தது. இந்த ஒரு விசயத்துக்கு ஆயிரம் தரம் மன்னிப்புக் கேட்டாலும் காணாது எண்டு எனக்குத் தெரியும். கேக்கிறன். என்னை மன்னியுங்கோ.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியாது. ஆச்சி நனைஞ்சு போய்க் கிடந்தா. விரிப்பு சில்லெண்டு இருந்தது. உடுப்பு மாத்தி, துடைச்சு, பக்கம் திருப்பினன். முதுகு முடியிற எலும்புக்கு மேல ஒரு சிவப்பு. ஐஞ்சு ரூபாய்க் குத்தியளவு இருக்கும். பெருவிரலை அதில வச்சு அமத்திப் பிடிச்சு எடுத்தன். நல்ல தோல் எண்டால் அமத்தின இடம் வெளிறி, பிறகு நிறம் திரும்பும். இது வெளிறேல்லை. திரும்பவும் அமத்தினன். சிவப்பு அப்பிடியே நிண்டது. படுக்கைப்புண்ணின்ர நாலு நிலையில முதல் நிலை அதுதான். தோல் உடையேல்லை, ஆனால் உள்ளுக்குச் சதை நெரிபடத் துவங்கியிட்டுது எண்டு அர்த்தம். அதை நான் சோதினையில எழுதிப் புள்ளி எடுத்தவள், அன்ரி. நோயாளிக்குப் படுக்கைப்புண் வந்தால் அனேகமா அது வருத்தத்தின்ர பிழை இல்லை, பராமரிப்பின்ர பிழை எண்டு புளோரன்ஸ் நைட்டிங்கேல் 1859 இலயே எழுதி வச்சிட்டா. முதலாம் வருசத்தில அதைக் கேட்ட நேரம், ஆரோ கவனமில்லாத நேர்ஸைப் பற்றின கதை எண்டுதான் நினைச்சனான்.

நீங்கள் லைனிலதான் இருந்தனீங்கள். "அம்மாவுக்கு ஒண்டுமில்லைத்தானே?" எண்டு கேட்டனீங்கள். "ஒண்டுமில்லை அன்ரி, நனைஞ்சு போனா, மாத்தியாச்சு" எண்டு சொன்னன்.

அந்தச் சிவப்பை உங்களுக்குச் சொல்லேல்லை. ஒரு வருசமா நெஞ்சுக்குள்ள வச்சிருந்தது இதுதான். சொன்னால் வேலை போயிடும், வேலை போனால் அறை வாடகை இல்லை எண்ட பயம் இருந்தது உண்மை. ஆனால் அதைவிட வெக்கம்தான் கூட. வேற ஆராவது பிள்ளை எண்டால் தெரியாமல் செய்திட்டாள் எண்டு சொல்லலாம். நான் தெரிஞ்சவள்.

போனை வச்ச பிறகு ஆச்சிக்குக் கிட்டக் குனிஞ்சு நிண்டு அழுதன். பக்கவாதத்துக்குப் பிறகு அவாவிட்ட மிஞ்சினது மூண்டு நாலு சொல்லுத்தானே. "பிள்ளை", "ஓம்", "காணும்". அவா இடக்கையைத் தூக்கி, பெருவிரலை நாக்கில தொட்டு, என்ர கன்னத்தைத் தேய்ச்சா. என்ன செய்யிறா எண்டு விளங்கேல்லை. காலமை கண்ணாடியில பாத்தால் நோட்ஸில முகம் வச்சுப் படுத்ததில கன்னமெல்லாம் நீல மை. பாதி அழிஞ்சிருந்தது. கமராவுக்கு என்ர முதுகு மறைச்சிருக்கும், அது உங்களுக்குத் தெரிஞ்சிராது.

ஆனால் மற்றது வடிவாத் தெரிஞ்சதுதானே. நான் மேசையில தலை வச்சுக் கிடக்கிற வீடியோவை நீங்கள் குடும்பக் குறூப்பில போட்டனீங்கள். அங்க இருந்து அது எங்க எங்க போச்சு எண்டு உங்களுக்குத் தெரியுமோ? எங்கட அம்மா சந்திக் கடையில மா வாங்கப் போன இடத்தில ஒரு மனிசி போனை நீட்டி "உது உங்கட மகள் போல கிடக்கு" எண்டு கேட்டவா. காசு வாங்கிக்கொண்டு நித்திரை கொள்ளுற பிள்ளை எண்டு பேர் எடுத்தன். அந்த வீடியோவில சத்தம் இல்லை. ஆச்சியின்ர வாய் திறந்து திறந்து மூடுறது மட்டும் தெரியும். நான் எண்ணிப் பாத்தன். ஏழு தரம். அதைப் பாத்தபிறகு உங்களில எனக்கு இருந்த கோவத்தைக் காட்டவும் வழியில்லாமல் போச்சு. இப்ப காட்டுறன். அந்தப் படத்தை எனக்கு மட்டும் அனுப்பியிருக்கலாம், அன்ரி. இரண்டு பேர் மாறி மாறி நிக்க வேண்டிய வேலையை ஒருத்தியிட்ட தந்திட்டு, மேல ஒரு கமராவைப் பூட்டி விட்டனீங்கள். இருட்டில அதின்ர சின்னச் சின்னச் சிவப்பு வெளிச்சம் இரவு முழுக்க என்னைப் பாத்தபடி. உங்கட அம்மாவைப் பாக்க நீங்கள் ஏன் வரேல்லை எண்டு ஊரில கேட்டவைக்கு நான் ஒரு சொல்லும் சொல்லேல்லை. காரணம் எனக்குத் தெரியும். நீங்கள் ஒருநாள் அழுதழுது சொன்னது. இங்கயும் எழுதமாட்டன். நான் காப்பாத்தின மாதிரி நீங்களும் என்னைக் காப்பாத்தியிருக்கலாம்.

அந்த இரவுக்குப் பிறகு ஒரு கொப்பி வச்சன். நேரமும் பக்கமும் எழுதுறதுக்கு. 10 இடம், 12 நேர், 2 வலம், 4 இடம். படுக்கைப்புண் வாற ஆபத்தை அளக்கிற பிறேடன் அளவுகோலில ஆச்சிக்குப் புள்ளியும் போட்டன். 6 இல இருந்து 23 மட்டும் போகும், குறையக் குறைய ஆபத்து. ஆச்சிக்கு 12 வந்தது. குதிக்கால் விரிப்பில முட்டாமல் கெண்டைக்குக் கீழ தலையணை. ஒவ்வொரு திருப்பலிலயும் விரலால அமத்திப் பாத்தன். பத்தாம் நாள் விடியப்புறம் அந்த இடம் வெளிறி, பிறகு நிறம் திரும்பினது. தனிய நிண்டு "ஆச்சி, மாறியிட்டுது" எண்டு சொன்னன். "ஓம்" எண்டா.

அந்த ஒன்பது இரவும் நான் மூண்டு மணித்தியாலம்கூடத் தொடர்ந்து படுக்கேல்லை. எங்கட படிப்பை நீங்கள் விளங்க வேணும் எண்டதுக்காக இதைச் சொல்லுறன். நாலு வருசம். லெக்சரைத் தவறவிட்டால் ஆரிட்டையும் நோட்ஸ் வாங்கிப் படிச்சுப் பிடிக்கலாம். வாட்டை அப்பிடிப் பிடிக்க ஏலாது. அங்க நிண்டு செய்து, லொக் புக்கில கையெழுத்து வாங்க வேணும். வரவு 80 வீதத்துக்குக் குறைஞ்சால் சோதினைக்கே இருக்க விடமாட்டினம். பின்னேரம் கடையில நிண்டு கணக்கு எழுதிக்கொண்டு வேற பாடத்தில பட்டம் எடுத்த பிள்ளையளை எனக்குத் தெரியும். ஆனால் எங்கட படிப்பு அப்பிடியில்லை. இரவு முழிச்சவளின்ர கையில அடுத்த நாள் காலமை ஒரு நோயாளியின்ர ஊசியைக் குடுக்க ஏலுமோ? ஏழாம் நாள் டிரெசிங் தட்டோட நிண்டபடி தலை சுத்தி விழுந்தன். தட்டிலதான் விழுந்தன், நோயாளியில இல்லை. அண்டைக்கு ஆர் என்னைத் தூக்கிக்கொண்டு போய்ப் படுக்க வச்சது, பிறகு வந்த நாளுகளில ஆர் எனக்காக என்ன செய்தது எண்டது எழுதக்கூடாத கதை. அவைக்கு என்ர மனசுக்குள்ள கும்பிடு.

அதுக்குப் பிறகுதான் விடுறது எண்டு முடிவெடுத்தன். இரண்டு நாள் தவணைதான் தந்தனான். மாசம் முடியும் மட்டும் நிண்டிருக்கலாம் எண்டு நீங்கள் சொன்னது சரி. நிண்டிருந்தால் வரவு போயிருக்கும், ஒரு வருசம் பின்னுக்குப் போயிருப்பன் எண்டு நான் சொன்னதும் சரி. கொப்பியை உங்கட சித்தியிட்டக் குடுத்து, புதுசா வாறவவுக்குக் காட்டச் சொன்னன். இரண்டு நாளைக்குப் பிறகு அது என்ர அறை வாசலில திரும்பி வந்திருந்தது. ஆர் கொண்டுவந்து வச்சது எண்டு கேக்கேல்லை.

நான் விட்டு மூண்டு கிழமையில ஆச்சி போயிட்டா. நியுமோனியா. விழுங்கக் கஷ்டப்படுற ஆக்களுக்கு அது எப்பவும் வரக்கூடியது, நான் நிண்டிருந்தாலும் வந்திருக்கலாம். இதை நான் எனக்கு எத்தினையோ தரம் சொல்லியாச்சு. கஞ்சி குடுத்த பிறகு அரை மணித்தியாலம் இருத்தினவையோ எண்டு கேக்க மனம் உந்தும். கேக்கமாட்டன். எனக்குப் பிறகு வந்த அந்த மனிசியும் என்னை மாதிரி ஆரோட கஷ்டத்துக்கோ வந்து நிண்டவதான்.

செத்தவீட்டுக்கு வந்தனான். உங்களுக்குத் தெரியும். நேரலை ஓடிக்கொண்டிருந்தது. நான் வாய்க்கரிசி போட வரிசையில நிக்க, ஒருத்தர் வந்து காதுக்குள்ள "அக்கா பாத்துக்கொண்டிருக்கிறா, நீ கொஞ்சம் தள்ளி நில்" எண்டார். நீங்கள் சொல்லித்தான் சொன்னாரோ, தன்ர பாட்டில சொன்னாரோ தெரியாது. நான் படலைக்கு வெளியில நிண்டன். ஆச்சியைத் தூக்கிக்கொண்டு போகேக்க கால் பக்கம் மட்டும் தெரிஞ்சது. குதிக்காலில புண் இல்லை.

விட்டது பிழை எண்டு நான் சொல்லமாட்டன், அன்ரி. திரும்பவும் அந்த இடத்தில நிண்டால் திரும்பவும் விடுவன். இன்னும் கெதியா விட்டிருப்பன், ஆனால் முதல்ல உங்களுக்கு அந்தச் சிவப்பைச் சொல்லிப்போட்டு.

வியாழன் எனக்கு மருத்துவ வாட். பன்னிரண்டரைக்கு முடியும். சைக்கிளில ஒரு மணிக்கு வந்திடுவன். கொப்பியையும் கொண்டு வாறன், அது உங்களிட்ட இருக்க வேண்டியது. ஆச்சியோட நான் நிண்ட கடைசி இரவுகள் எல்லாம் மணிக்கணக்கா அதில இருக்கு. நான் படலையில நிக்கிறதோ, உள்ள வாறதோ எண்டதை மட்டும் முன்வீட்டு மாமியிட்டச் சொல்லி விடுங்கோ.