தண்ணீர் தந்தவர்களுக்கும், தர மறுத்த தங்கைக்கும்

அன்புள்ள ஊர்க்காரர்களுக்கும் தன்னார்வலர்களுக்கும்,

நம் ஊர் இரவு மராத்தான் ஓட்டம் முடிந்து ஒன்பது நாளாகிறது. தொடை வலி போய்விட்டது. கால் கட்டைவிரல் நகம் ஒன்று மட்டும் கறுத்துப்போய், விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறது. மறுநாளே எழுதியிருக்க வேண்டிய மடல் இது. எழுத உட்கார்ந்தபோதெல்லாம் 31-வது கிலோமீட்டர் மருத்துவக் கூடாரம் கண்முன் வந்துவிடும், கூச்சத்தில் எழுந்து போய்விடுவேன். அங்கே நான் பேசிய பேச்சு அப்படி. அதற்கு வருகிறேன். முதலில் மற்றவர்கள்.

என்னை உங்களுக்கு அடையாளம் தெரிய வாய்ப்பில்லை. முடித்தவர்களில் கடைசிக்கு முந்தின ஆள். மஞ்சள் தொப்பி, 6 மணி 41 நிமிடம். ஏழு மணி நேரக் கெடுவுக்குப் பத்தொன்பது நிமிடம் மிச்சம் வைத்து வந்தேன்.

இரவு பத்து மணிக்குத் தொடக்கம் என்று பார்த்தபோது, வெயில் இல்லை, பாதிக் கவலை தீர்ந்தது என்றுதான் நினைத்தேன். தொடக்கக் கோட்டில் சும்மா நிற்கும்போதே சட்டை நனைந்துவிட்டது. 2019-இல் தோஹாவில் உலகத் தடகளப் போட்டியின் பெண்கள் மராத்தானை வெயிலுக்குப் பயந்து நள்ளிரவில் நடத்தினார்கள். ஓடத் தொடங்கிய 68 பேரில் 28 பேர் முடிக்கவில்லை. அவர்களுக்கே அந்தக் கதி என்றால் நான் எந்த மூலை? இருட்டு வெயிலைத்தான் விரட்டும், புழுக்கத்தை விரட்டாது. வியர்வை வழிந்தால் மட்டும் உடம்பு ஆறிவிடாது, அது ஆவியாக வேண்டும். காற்றிலேயே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வைக்குப் போக இடமில்லை, முழங்கை வழியே சொட்டிக்கொண்டே இருக்கும். இதெல்லாம் எனக்குப் படித்துத் தெரியும். தெரிந்தும் முதல் ஏற்றத்தை ஓடியே ஏறினேன். அதே ஏற்றத்தை நடந்து ஏறிய பெரியவர் ஒருவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். இருபதாவது கிலோமீட்டரில் என்னைத் தாண்டிப் போனபோதும் அதே சிரிப்பு. அவருக்கும் ஒரு நன்றி, எதற்கென்றுதான் சொல்லத் தெரியவில்லை.

எட்டாவது கிலோமீட்டர் வளைவில், வாசலில் நாற்காலி போட்டு ரப்பர் குழாயோடு உட்கார்ந்திருந்த அம்மா, உங்களுக்கு. நீங்கள் அமைப்பாளர்களின் பட்டியலில் இல்லை, கேட்டுப் பார்த்துவிட்டேன். யாரும் சொல்லாமல் நீங்களாகவே வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். "தலையிலயா, முதுகிலயா?" என்று வந்தவர்களை எல்லாம் கேட்டுத்தான் தண்ணீர் அடித்தீர்கள். அதைவிடப் பெரிய விஷயம், யாருடைய ஷூவிலும் படாமல் அடித்தது. ஷூ நனைந்தால் அடுத்த பத்து கிலோமீட்டருக்குள் பாதம் கொப்புளமாகிவிடும் என்று உங்களுக்கு யார் சொன்னார்களோ. திரும்பி வரும்போது மணி மூன்றரையை நெருங்கிவிட்டது. நாற்காலியிலேயே தூங்கிப்போயிருந்தீர்கள், குழாய் மடியில். எழுப்ப மனம் வரவில்லை. கையை மட்டும் அசைத்துவிட்டுப் போனேன்.

பதினேழாவது கிலோமீட்டரில் தார்ச்சாலையை விட்டு மண்பாதை பிரிகிற இடத்தில் நின்ற தம்பிக்கு. கிளைகளில் கட்டியிருந்த ஒளிரும் பட்டைகளே போதுமானவைதான். ஆனால் இரண்டு மணி நேரம் ஓடிய மூளை பட்டையைப் பார்த்துக்கொண்டே தவறான பக்கம் திரும்பும், அதுவும் உண்மை. அதற்காகத்தான் உன்னை அங்கே நிறுத்தியிருந்தார்கள். முன்னால் போனவர்கள் போய் வெகு நேரம் ஆகியிருந்தது, எனக்குப் பின்னால் நாலைந்து பேர்தான். "தனியாவா நிக்கிற, பயமா இல்லையா?" என்று கேட்டேன். இல்லை என்பாய் என்று எதிர்பார்த்தேன். "இருக்கு. அடுத்த வளைவு வரைக்கும் சத்தமா ஏதாவது பேசிட்டே போறீங்களா?" என்றாய். பேச மூச்சு இல்லை, அதனால் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே போனேன். நூற்று நாற்பது வரைக்கும் உனக்குக் கேட்டதா? அந்த ஏற்றம் எனக்குத் தெரியாமலே முடிந்துவிட்டது. உனக்குத் துணையாக எண்ணினேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான், ஆனால் துணை எனக்குத்தான் தேவைப்பட்டது.

இருபத்து நான்காவது கிலோமீட்டரில் என் தலைவிளக்கு அணைந்தது. தப்பு என்னுடையதுதான், பழைய பேட்டரி. அங்கிருந்து மூன்று கிலோமீட்டர் செங்குத்தான இறக்கம், உருளும் கற்கள். ஏற்றம் மூச்சை வாங்கும், இறக்கம் தொடையை வாங்கும். இறங்கும்போது ஒவ்வொரு அடியிலும் முன்தொடைத் தசை நீண்டுகொண்டே பிரேக் பிடிக்க வேண்டும். மறுநாள் படிக்கட்டைக் கண்டால் அழுகை வருவது இந்த வேலையால்தான். விளக்கும் இல்லாமல் அந்தப் பாதையில் நின்றபோது, பின்னால் ரோந்து வந்த சைக்கிள்காரர் இறங்கி, தன் இடுப்பில் கட்டியிருந்த விளக்கை அவிழ்த்துக் கொடுத்தார். நான் அதைத் தலையில் மாட்டப் போனேன். "இடுப்பிலேயே கட்டுங்க," என்றார். தலையிலிருந்து விழும் வெளிச்சத்தில் கல்லின் நிழல் நம் கண்ணுக்குத் தெரியாது, பாதை முழுக்கத் தட்டையாகத் தோன்றும். இடுப்பிலிருந்து சாய்வாக விழும்போது ஒவ்வொரு கல்லுக்கும் நிழல் முளைக்கும், எது மேடு எது பள்ளம் என்று தெரியும். பல வருடமாக ஓடுகிறேன், இது எனக்குத் தெரியாது. அவர் கைப்பேசி வெளிச்சத்தை வைத்துக்கொண்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டே இறங்கினார். பெயர் கேட்கத் தோன்றவில்லை.

இனி தண்ணீர்ப் பந்தல்கள். இரண்டு கிலோமீட்டருக்கு ஒன்று, எல்லாவற்றிலும் ஆள், எல்லாவற்றிலும் ஐஸ். 1904-இல் செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக்கில் மராத்தான் நடந்ததும் இதே மாதிரி மேடும் வெக்கையும்தான், கூடவே புழுதி வேறு. தண்ணீர் குறைந்தால் உடம்பு என்ன செய்கிறது பார்ப்போம் என்று வழியில் தண்ணீரையே வேண்டுமென்று குறைத்து வைத்திருந்தார்கள். 32 பேர் தொடங்கி 14 பேர்தான் முடித்தார்கள். அந்தக் கதையை எப்போதோ படித்ததிலிருந்து எனக்கு ஓட்டத்தில் ஒரே பயம் தாகம்தான். அதனால் உங்கள் பந்தல் ஒன்றைக்கூட விடவில்லை. தாகம் இருந்ததோ இல்லையோ, பந்தலுக்கு இரண்டு குவளை. 31-வது கிலோமீட்டர் வரைக்கும் பதினைந்து பந்தல், முப்பது குவளை. குவளைக்கு 150 மில்லி என்று வைத்தாலும் நாலரை லிட்டர். நீங்கள் நீட்டினீர்கள், நான் குடித்தேன். உங்கள் மேல் தப்பே இல்லை.

சரி, 31-வது கிலோமீட்டர்.

கூடாரத்தில் எல்லோரையும் நிறுத்தி எடை பார்ப்பார்கள் என்று தொடக்கத்திலேயே சொல்லியிருந்தார்கள். கிளம்பும்போது என் எண் அட்டையில் 51.3 என்று எழுதியிருந்தார்கள். இப்போது எந்திரம் 52.0 காட்டியது. நாலரை மணி நேரம் ஓடி எழுநூறு கிராம் கூடியிருக்கிறேன்! எனக்குச் சிரிப்பு வந்தது. நல்லா தண்ணீர் குடித்திருக்கிறேன் என்று பெருமையாகக்கூட இருந்தது. நீங்கள் சிரிக்கவில்லை, தங்கை. இருபத்தைந்து வயதுகூட இருக்காது உங்களுக்கு. "அக்கா, உக்காருங்க," என்றீர்கள். "தலை வலிக்குதா? வாந்தி வந்துச்சா? மோதிரத்தைத் திருப்பிக் காட்டுங்க." மோதிரம் திரும்பவில்லை. விரல் வீங்கியிருந்ததை அப்போதுதான் பார்த்தேன். வயிறு வேறு பானை மாதிரி தளும்பிக்கொண்டிருந்தது.

"இன்னைக்கு என்ன கிழமை?"

"சனி," என்றேன்.

நீங்கள் ஏதோ குறித்துக்கொண்டீர்கள். அங்கேதான் எனக்குக் கோபம் ஏறியது. ஓட்டம் சனிக்கிழமை இரவு தொடங்கியது, அப்போது ஞாயிறு அதிகாலை இரண்டரை. படுத்துத் தூங்காத ஒருத்திக்கு அது எந்தக் கிழமை என்று இன்னமும் என்னால் வாதாட முடியும். அன்றைக்கும் வாதாடினேன். பக்கத்துப் பெஞ்சில் கால் நீட்டிப் படுத்திருந்தவர் எனக்குச் சாதகமாகத் தீர்ப்புக்கூடச் சொன்னார். நீங்கள் வாக்கி டாக்கியில் மருத்துவரிடம் பேசிவிட்டு வந்து, "சிறுநீர் போற வரைக்கும் அனுப்ப மாட்டேன். அதுவரைக்கும் தண்ணியும் கிடையாது," என்றீர்கள். என் கையிலிருந்த குவளையை வாங்கிக் கீழே வைத்தீர்கள். நான் சொன்னது அப்படியே நினைவிருக்கிறது: "நீ ஒரு கிலோமீட்டராவது ஓடியிருக்கியா? இந்த வெக்கையில தண்ணி தராம என்னைக் கொல்லப் பாக்கறியா?"

அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் கேட்டது. நீங்கள் முகம் மாறாமல், "ஓடினதில்லை அக்கா. உக்காருங்க," என்றீர்கள். அப்புறம் உப்புத் தூக்கலான சூப் ஒரு சின்னக் குவளையில் கொண்டுவந்து வைத்தீர்கள். நான் நன்றிகூடச் சொல்லாமல் குடித்தேன். இருபத்திரண்டு நிமிடம். கெடு நேரத்தை எண்ணிக்கொண்டு, உங்களை முறைத்துக்கொண்டு, ஒருவழியாக மறைப்புக்குப் பின்னால் போய்விட்டு வந்தேன். திரும்ப எடை பார்த்தீர்கள். "எதிர்ல வர்ற பந்தல்ல எல்லாம் குடிக்காதீங்க. தாகம் எடுத்தா மட்டும் குடிங்க. தலை வலிச்சா நின்னு ஆளைக் கூப்பிடுங்க," என்று சொல்லி, என் அட்டையில் பேனாவால் பெரிய வட்டம் ஒன்று போட்டு அனுப்பினீர்கள். அடுத்த பந்தலில் குவளையை நீட்டிய பையன் அந்த வட்டத்தைப் பார்த்ததும் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டான். நீங்கள் முன்னாலேயே சொல்லி வைத்திருக்கிறீர்கள்! அவனையும் முறைத்தேன்.

வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். தேவைக்கு மேல் தண்ணீர் குடித்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். முற்றினால் மூளை வீங்கி, குழப்பம், வலிப்பு, உயிருக்கே ஆபத்து. 2002 பாஸ்டன் மராத்தானில் 488 பேரின் ரத்தத்தைப் பரிசோதித்ததில் 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது, மூன்று பேருக்கு ஆபத்தான அளவுக்கு. யாருக்கெல்லாம் என்று பார்த்தால், ஓடும்போது எடை கூடியவர்கள், நான்கு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டவர்கள். என்னைப் பார்த்தே எழுதியது போல இருந்தது. வேகமாக ஓடுகிறவருக்குக் குடிக்க நேரம் ஏது? என்னைப் போல ஆடி அசைந்து போகிறவளுக்குத்தான் எல்லாப் பந்தலிலும் நின்று குடிக்க நேரம் இருக்கிறது. நீங்கள் கிழமை கேட்டதற்கும் மோதிரம் கேட்டதற்கும் அப்போதுதான் அர்த்தம் விளங்கியது. அன்று இரவு முழுக்க எனக்குத் தண்ணீர் கொடுத்தவர்கள் அறுபது பேராவது இருப்பார்கள். கொடுக்காதவர் நீங்கள் ஒருவர்தான், திட்டு வாங்கியதும் நீங்கள்தான். மன்னித்துக்கொள்ளுங்கள், தங்கை. நான் கேட்ட கேள்விக்கு என்னிடமே பதில் இருந்திருக்க வேண்டும்: எடை பார்க்கத் தெரிய ஓடத் தெரிய வேண்டியதில்லை.

மீதிப் பதினொரு கிலோமீட்டரைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. பாதி நடை, பாதி நொண்டல். நாலு மணிக்குத் தூக்கம் கண்ணைச் சொக்கியது. உடம்புச் சூடு தானாகவே இறங்கித் தூங்கச் சொல்கிற நேரம் அது, ஓடிக்கொண்டே ஒரு வினாடி தூங்கினேன் என்றுகூடச் சந்தேகம். சாலை சந்திப்பில் ஒற்றை ஆளுக்காக லாரியை நிறுத்தி வைத்த காவலருக்கு நன்றி. அந்த லாரி ஓட்டுநருக்கும், ஹாரன் அடிக்காததற்கு. 39-இல் ஐஸைத் துணியில் சுற்றிக் கழுத்தில் போட்டுவிட்டவர்களுக்கு, முடிவுக் கோட்டில் பாதி அமைப்பைக் கழற்றிய பிறகும் கடிகாரத்தை மட்டும் கழற்றாமல் வைத்திருந்தவர்களுக்கு, நான் பதக்கத்தைத் தலைகீழாக மாட்டிக்கொண்டு நின்றதைச் சொல்லாமல் படம் எடுத்தவருக்கு. குப்பை பொறுக்கியவர்களை நான் பார்க்கவே இல்லை. காலையில் பேருந்தில் அதே சாலையில் திரும்பினேன், ஒரு குவளைகூடக் கிடக்கவில்லை. அப்படியானால் நான் தூங்கிக்கொண்டிருந்தபோது நீங்கள் குனிந்துகொண்டிருந்திருக்கிறீர்கள்.

மோதிரம் அன்று மதியம் திரும்பியது. உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது, தங்கை.

கடைசியாக, சைக்கிள்காரருக்கு. உங்கள் இடுப்பு விளக்கு என்னிடம்தான் இருக்கிறது. முடிவுக் கோட்டில் கொடுக்க மறந்து அப்படியே வீட்டுக்குக் கட்டிக்கொண்டு வந்துவிட்டேன். பட்டையைத் துவைத்துக் காயவைத்தாயிற்று. பேட்டரி புதிதாகப் போட்டிருக்கிறேன், நல்லதாகவே பார்த்து. கொக்கிப் பக்கம் நீலத் துணி வைத்துத் தைத்திருக்கும், அதை வைத்து அடையாளம் சொல்லுங்கள். எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும் என்று அமைப்பாளர்களிடம் தெரிவித்தால் போதும், அன்றைக்கே அனுப்பிவிடுகிறேன்.

அன்புடன்,
மஞ்சள் தொப்பி