மிச்சத்தை என்ன செய்ய?

அன்புள்ள தம்பிக்கு,

நீ விட்டுப்போன பார்லிவைன் பாட்டிலை, அதுதான் அந்தக் கடும் பியரை, நேற்று சாயங்காலம் திறந்துவிட்டேன். இன்னும் 2 வருஷம் தொடக்கூடாது என்று பெட்டியில் எழுதி ஒட்டியிருந்தாய். அலமாரியின் கீழ்த்தட்டில் வெளிச்சம் படாமல், படுக்கவைக்காமல் நிமிர்த்தித்தான் வைத்திருந்தேன். ஆனால் 7 வாரமாக உன்னிடமிருந்து போன் இல்லை. மருமகளைக் கேட்டேன். "வேலை ஜாஸ்தி அத்தை" என்றாள். அதைச் சொல்ல அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. சரி, வேலைதான் இருக்கும்.

இங்கிலாந்தில் 1968-இல் தாமஸ் ஹார்டி என்கிற எழுத்தாளர் பெயரில் ஒரு ஏல் பியர் போட்டார்கள், அதை 25 வருஷம்கூட வைத்திருக்கலாம் என்று நீ பெருமையாகச் சொல்வாய். எனக்கு 67 ஆகிறது. எதற்கும் காத்திருக்கிற வயதா இது?

பெட்டிக்குள் இருந்த உன் தாளில் உள்ளபடியே எல்லாம் செய்தேன். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததும் ஊற்றாமல் 12 டிகிரி வரும்வரை வெளியே வைத்தேன். வாய் குறுகின கண்ணாடிக் கோப்பையில் இரண்டு விரல் அளவு மட்டும். அதற்கு முன்னால் வயிறு நிறையச் சாப்பிட்டேன். நீயும் சாப்பிட்டுவிட்டுத்தானே உட்காருகிறாய்? வெறும் வயிற்றில் வேண்டாம்.

உன் பியர் ஜட்ஜ் தேர்வுக்கான மதிப்பெண் தாள் ஒன்றும் பெட்டியில் கிடந்தது. அதையும் நிரப்பினேன், சிரிக்காதே. தோற்றத்துக்கு மொத்தம் 3. முழுசாகப் போட்டுவிட்டேன். ஊற்றும்போது கறுப்பு என்று நினைத்தேன், விளக்குக்கு நேரே பிடித்தால் சிவப்பு. நுரை வந்த வேகத்தில் அடங்கிப்போனது. சாராயம் இவ்வளவு ஏறின பியரில் நுரை நிற்பது கஷ்டம் என்று நீ எழுதி வைத்திருந்ததால் அதற்கு ஒன்றும் குறைக்கவில்லை.

வாசனைக்கு 12. முதலில் ஒன்றுமே வரவில்லை. கோப்பையைக் கைக்குள் வைத்துக்கொண்டு கொஞ்சம் பொறுத்தேன். அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. உலர்திராட்சை, பேரீச்சம்பழம், கருகப்போகிற நேரத்தில் இறக்கிவைத்த சர்க்கரைப் பாகு. அதற்கும் பின்னால் வெனிலா, லேசாகத் தேங்காய். யாரும் அதில் வெனிலாவும் போடவில்லை தேங்காயும் போடவில்லை, இரண்டுமே ஓக் மரம் கொடுப்பது என்று நீ சொன்னபோது நான் நம்பவில்லை. போர்பன் விஸ்கிக்கு ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கரித்த ஓக் பீப்பாய்தான் வேண்டும் என்பது அமெரிக்காவில் சட்டம், அதனால் ஒருமுறை ஊறினதும் பீப்பாயை விற்றுவிடுவார்கள், அதைத்தான் நீங்கள் பியர் ஊறவைக்க வாங்குகிறீர்கள் என்றாய். காலிப் பீப்பாய்தானே என்று கேட்டேன். காலிதான் அம்மா, ஆனாலும் பழசு மரத்துக்குள் இருந்துகொண்டு புதுசில் இறங்கும், போதையும் கொஞ்சம் கூடும் என்றாய். அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை.

பாட்டிலில் 13 சதவீதம் என்று போட்டிருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். 355 மில்லியில் 46 மில்லி சுத்தச் சாராயம். 5 சதவீதப் பியர் என்றால் இரண்டரை பாட்டிலுக்கு மேல் ஆகிறது. இத்தனைக்கும் பெயர் ஒயின்! திராட்சை ஒன்றுகூடக் கிடையாது. அமெரிக்காக்காரன் லேபிளில் வெறுமனே பார்லிவைன் என்று போட விடமாட்டான், 'பார்லிவைன் பாணி ஏல்' என்று போடச் சொல்வான் என்று நீ சிரித்தாய். எனக்கு அந்த அதிகாரிகளைப் பிடித்துப்போனது.

ஒயின் சுவைக்கிறவர்கள் வாயில் வைத்துவிட்டுத் துப்பிவிடுவார்கள், பியர்க்காரர்கள் நாங்கள் விழுங்குவோம், கசப்பு தொண்டையில்தான் முழுசாகத் தெரியும் என்றும் சொன்னாய். எவ்வளவு விழுங்குவாய்? ஒரு நாளைக்கு எத்தனை? வேலைக்காக என்றால் சரி. வேலை முடிந்தும் வீட்டில் வைத்துக்கொள்கிறாயா என்று நான் கேட்கவில்லை. சாப்பிட்டுவிட்டுக் குடி, நடுவில் தண்ணீர் குடி என்று மட்டும்தான் சொல்கிறேன். ஓர் அளவுக்கு மேல் போனால், தான் செய்த சாராயத்தைத் தாங்காமல் ஈஸ்டே வேலையை நிறுத்திவிடும் என்று நீதானே எனக்குச் சொல்லிக்கொடுத்தாய்.

சுவைக்கு 20. இதில்தான் எனக்குக் கை ஓடவில்லை. நாக்கில் பட்டதும் கெட்டியான இனிப்பு. அது முடிவதற்குள் கசப்பு வந்து இனிப்பைப் பிடித்துக்கொள்கிறது. விழுங்கினபிறகு நெஞ்சில் ஒரு சூடு, இறங்கி நின்று, மெதுவாகப் போகிறது. கால் மணி கழித்தும் வாயில் பேரீச்சை இருந்தது. தம்பி, நன்றாக இருந்தது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. உன் அப்பா குடித்தது இதில்லை, தெரியும். ஆனாலும் இத்தனை வருஷம், வாயில் வைக்கமுடியாத ஒன்றை என்னை வதைப்பதற்கென்றே அவர் குடித்தார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பெரியவள் கல்யாணத்தன்றும் அப்படித்தான் நினைத்தேன். அந்தச் சூடு ஒரு நிமிஷம் நெஞ்சில் நின்றபோது, ஒரு மனுஷனுக்கு இது வேண்டியிருக்கலாம் என்று தோன்றிவிட்டது. 67 வயதில் தோன்றி என்ன?

நீ ஜட்ஜ் தேர்வில் பாஸானபோது எல்லாரிடமும் சொன்னேன். என்ன தேர்வு என்று கேட்டவர்களிடம் 'வாசனை ஆராய்ச்சி' என்று மழுப்பினேன், அதற்காக நீ கோபித்துக்கொண்டது நியாயம்தான். அன்றைக்குச் சாப்பாட்டு மேஜையில் யாரோ உன்னைக் கேட்டார்கள், இப்படி ஒரு மூக்கு எங்கிருந்து வந்தது என்று. 9 வயதிலேயே பயிற்சி, அப்பா படியேறும்போது வருகிற வாசனையை வைத்தே இன்றைக்கு ராத்திரி எப்படிப் போகும் என்று சொல்லிவிடுவேன் என்றாய். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

உன்னை அந்தச் சாராயக்கடைக்கு அனுப்பியது நான்தான். "போய் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா" என்று ஒவ்வொரு ராத்திரியும். எனக்காக வரமாட்டார், உனக்காக வருவார் என்று தெரியும். ஆனால் அது மட்டும் இல்லை. நான் போய் அந்த வாசலில் நின்றால் நாலு பேர் பார்ப்பார்கள். பிள்ளை நின்றால் பரவாயில்லை என்று இருந்துவிட்டேன். திரும்பி வந்ததும் உன்னைத்தான் கேட்பேன், எவ்வளவு குடித்தார் என்று. அவர் பக்கத்தில் போய் மோந்து பார்த்து வந்து என் காதில் சொல்வாய். சைக்கிள் விஷயத்துக்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். இதற்கு நான் கேட்டதே இல்லை. நேற்று கோப்பையை மூக்கருகில் கொண்டுபோகும்போது, இது நான் உன்னை வைத்துச் செய்த வேலையாயிற்றே என்று கை நின்றுவிட்டது.

வாயில் இருக்கும் கனத்துக்கு 5-இல் 4 போட்டேன். மொத்த அபிப்பிராயத்துக்கு உள்ள 10-ஐ எப்படிப் போடுவது என்று தெரியவில்லை. அதை நீ வந்து போடு.

இங்கே எல்லாரும் சுகம். கண் ஆபரேஷன் நன்றாக ஆயிற்று, முன்னாலேயே சொல்லியிருப்பேன், நீதான் போனை எடுக்கவில்லை.

இப்போது ஒரே ஒரு சந்தேகம். பாட்டிலில் முக்கால்வாசி அப்படியே இருக்கிறது. அந்த மூடி திரும்பப் போடுகிற மூடி இல்லை. தட்டைக் கவிழ்த்து ஃப்ரிட்ஜில் வைத்திருக்கிறேன். இரண்டு நாள் தாங்குமா, இல்லை கொட்டிவிடவா? இதற்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்காதே, கெட்டுப்போய்விடும். போன் பண்ணிச் சொல். ராத்திரி எத்தனை மணியானாலும் முழித்துத்தான் இருப்பேன்.

அம்மா