பாசிக்கு மருந்து வேண்டாம், தண்ணீரைப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டில் கடல்மீன் தொட்டி வைப்பதைப் பற்றி போன வாரம் உங்கள் இதழில் வந்த கட்டுரை எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் புதுத் தொட்டியில் பாசி பிடித்தால் பாசிக்கொல்லி விடுங்கள், அதிலும் போகாவிட்டால் மொத்தத் தண்ணீரையும் கொட்டிவிட்டு மறுபடி நிரப்புங்கள் என்று எழுதியிருப்பதைப் படித்துவிட்டு சும்மா இருக்க முடியவில்லை. கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் ஆசைப்பட்டுத் தொட்டி வைத்த பலரும் பாசியைப் பார்த்து வெறுத்துப்போய்த்தான் வந்த விலைக்கு விற்கிறார்கள்.

புதுத் தொட்டி என்றால் பாசி வரத்தான் செய்யும். ஆரம்ப வாரங்களில் மணல் மேலும் கண்ணாடியிலும் காப்பிப்பொடி தூவினமாதிரி பழுப்பாகப் படிகிறதே, அது டயாட்டம். தண்ணீரில் கரைந்திருக்கும் சிலிக்காவை எடுத்து ஓடு கட்டிக்கொள்ளும் நுண்ணுயிர், சிலிக்கா தீர்ந்தால் தானாகவே அடங்கிவிடும். அதற்கு அப்புறம்தான் பச்சையாக முடிப் பாசி கிளம்பும். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியா தொட்டிக்குள் வைக்கும் கல்லில் குடியேறவே நாலு முதல் ஆறு வாரம் ஆகும். கடைசியில் மிஞ்சும் நைட்ரேட்டும், தீனியிலிருந்து வரும் பாஸ்பேட்டும்தான் பாசிக்குச் சாப்பாடு.

இந்த நேரத்தில் மருந்தை விட்டால் என்ன ஆகும்? நன்னீர்த் தொட்டிக்கு விற்கும் பாசிக்கொல்லி பலவற்றில் செம்பு இருக்கிறது. நத்தை, இறால், பவளம் எதுவும் செம்பைத் தாங்காது, போதாததற்குக் கல்லும் மணலும் அதை உறிஞ்சி வைத்துக்கொண்டு பின்னாலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கக்கும். செத்த பாசியும் தொட்டிக்குள்ளேயே அழுகி, தின்ற சத்தையெல்லாம் திரும்பத் தண்ணீரில் விட்டுவிடும், அடுத்த பாசி அதைத் தின்று வளரும். இதற்கு எதற்குச் செலவு செய்ய வேண்டும்?

நம் ஊரில் முதலில் பார்க்க வேண்டியது தண்ணீரைத்தான். கடையில் கேட்டால் "போர் தண்ணியே போதுமுங்க, எப்படியும் உப்புத்தானே கலக்கறோம்" என்கிறார்கள். தப்பு. தொட்டியிலிருந்து ஆவியாவது வெறும் தண்ணீர், அதில் இருந்ததெல்லாம் உள்ளேயே தங்கிவிடும். டிடிஎஸ், அதாவது கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, லிட்டருக்கு 800 மில்லிகிராம் காட்டும் போர் தண்ணீரை தினம் 2 லிட்டர் ஈடு ஊற்றினால் மாதம் 48 கிராம் வேண்டாத சரக்கு தொட்டியில் சேர்கிறது. தோட்டத்துப் பக்கத்துப் போர் என்றால் உரத்தின் நைட்ரேட்டும் அதோடு வரும். சிறுவாணித் தண்ணீர் குடிக்க அருமையானது, அதில் எனக்கு மாற்றுக்கருத்தே இல்லை, ஆனால் பாறையில் ஊறி வரும் எந்தத் தண்ணீரிலும் சிலிக்கா இருக்கும், டிடிஎஸ் மீட்டர் அதைப் பெரும்பாலும் காட்டாது.

வீட்டில் ஆர்ஓ இருக்கிறதே என்பீர்கள். குடிநீர் மெஷின் பலவற்றில் ருசிக்காக டிடிஎஸ் கன்ட்ரோலர் என்று ஒரு சின்னத் திருகு வைத்திருப்பார்கள், அது குழாய்த் தண்ணீரையே கொஞ்சம் திரும்பக் கலந்துவிடும், சிலதில் மினரல் வேறு சேர்ப்பார்கள். கேன் தண்ணீரும் அதே கதைதான். ஆர்ஓவிலிருந்து நேராக வரும் தண்ணீரை, மிச்சமிருக்கும் உப்பையும் பிடித்துக்கொள்ளும் டிஐ ரெசினிலும் விட்டு, டிடிஎஸ் மீட்டர் சைபர் காட்டினால்தான் கடல்மீன் தொட்டிக்கென்றே விற்கும் கடல் உப்பு கலக்கலாம், லிட்டருக்கு 35 கிராம் கணக்கில். ஈடு ஊற்றும்போது உப்பில்லாமல் இதே தண்ணீர். ஆடிக் காற்றில் தொட்டித் தண்ணீர் மளமளவென்று இறங்கும்போது இதை மறந்துவிடக் கூடாது.

மீதி எல்லாம் கைவேலை. முடிப் பாசியைக் கையாலேயே பிடுங்கி வெளியே போடுங்கள். வாரம் பத்து சதவீதம் தண்ணீர் மாற்றினால் போதும். பவளம் எதுவும் வைக்காத தொட்டிக்கு முதல் மாதம் விளக்கே அவ்வளவாகத் தேவையில்லை, பத்துப் பன்னிரண்டு மணி நேரம் எரியவிட்டால் பாசிதான் கொழுக்கும். ஐஸ் கட்டித் தீனியை உருக்கி, அந்தத் தண்ணீரை வடித்துவிட்டுப் போடுங்கள், பாஸ்பேட் அதிலும் கொஞ்சம் இருக்கும். பாக்டீரியா குடியேறி, பாசியும் பிடித்த பிறகு நத்தை விடலாம், அதற்கு முன்னால் விட்டால் தின்ன ஒன்றுமில்லாமல் சாகும்.

பாசியே வராத கல் என்று மன்னார் வளைகுடாவில் வெட்டியெடுத்த பவளப்பாறையை ரகசியமாக விற்க வருகிறவர்களிடம் வாங்கவே வாங்காதீர்கள். கல் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் மிக அதிகப் பாதுகாப்புத் தரும் முதல் அட்டவணையில் இருக்கின்றன, அந்தக் கடலை உடைத்துத்தான் நம் வரவேற்பறையை அழகாக்க வேண்டும் என்றில்லை. காய்ந்த செயற்கைக் கல் போதும், பாக்டீரியா அதிலும் குடியேறும், கொஞ்சம் கூடுதல் நாள் ஆகும், அவ்வளவுதான். மீனுக்கும் கடலைத் துழாவ வேண்டியதில்லை. ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் கோமாளி மீனைக் குஞ்சு பொரிக்கவைத்தே வளர்த்துக் காட்டியிருக்கிறார்கள்.

அந்தக் கட்டுரையை நம்பி இந்த வாரமே யாராவது மருந்து பாட்டிலைத் திறக்கக்கூடும். பாசிக்கொல்லி பற்றிய அந்த வரியை மட்டுமாவது அடுத்த இதழில் திருத்திப் போடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கவுண்டம்பாளையம், கோவை