அரசியல் படம் எடுப்பவர்களுக்கு மதுரையிலிருந்து ஒரு திறந்த மடல்

தமிழில் அரசியல் படங்களை எழுதி இயக்கும் மதிப்பிற்குரிய இயக்குநர்களுக்கும் திரைக்கதை ஆசிரியர்களுக்கும்,

வணக்கம். அரசு அலுவலகம் ஒன்றில் பல ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்ற மதுரைக்காரன் நான். உயர்பதவியில் இருப்பவர்களின் ஊழலையும் பதவி ஆசையையும் கதையாகக் கொண்ட படம் வருகிறது என்றால் முதல் வாரத்திலேயே திரையரங்குக்குப் போய்விடுவேன். பெரும்பாலும் மனம் நிறையாமலே வீடு திரும்புகிறேன். ஒரு கெட்ட அமைச்சர், அவருக்கு முன்னும் பின்னும் வெள்ளைக் கார்கள், கூடவே அடியாட்கள், கடைசியில் கதாநாயகன் ஒலிபெருக்கி முன் நின்று பேசும் நீண்ட பேச்சு என்று படம் முடிந்துவிடுகிறது. அந்த அமைச்சர் எந்த ஆணையின் வழியாகத் தவறு செய்தார், அதற்கு எத்தனை பேர் கையெழுத்திட்டார்கள், கையெழுத்திட மறுத்தவர் என்ன ஆனார் என்ற கேள்விகளுக்குப் படத்தில் விடையே இருப்பதில்லை. கதை மதுரையில் நடந்தாலோ, கோப்பு இருக்க வேண்டிய இடத்தையெல்லாம் அரிவாள் பிடித்துக்கொள்கிறது. இது எங்கள் ஊருக்கு இழைக்கப்படும் அநீதி என்பதைவிட, நீங்கள் எடுத்துக்கொண்ட பொருளுக்கே இழைக்கப்படும் அநீதி என்று நான் நினைக்கிறேன்.

ஒரு தவறான உத்தரவு எப்படிப் பிறக்கிறது என்பதை அருகிலிருந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். பிரிவு எழுத்தர் விதியை எடுத்துக்காட்டி, கோரிக்கையை ஏற்க இயலாது என்று குறிப்பு எழுதி வைக்கிறார். கோப்பு மேலே போகிறது. மேலதிகாரி அதை ஏற்பதும் இல்லை, மறுப்பதும் இல்லை. ஓரத்தில் 'பேசுக' என்று எழுதித் திருப்பிவிடுகிறார். எழுத்தர் அறைக்குள் போகிறார், கதவு சாத்தப்படுகிறது, ஐந்து நிமிடத்தில் வெளியே வருகிறார். உள்ளே என்ன பேசப்பட்டது என்பதற்கு எந்தத் தாளிலும் சாட்சி இல்லை. மறுநாள் பழைய குறிப்புக்குக் கீழே, நிபந்தனைகளுக்கு உட்பட்டுப் பரிசீலிக்கலாம் என்று புதிய குறிப்பு ஒன்று அதே எழுத்தரின் கையெழுத்தோடு சேர்ந்திருக்கும். அமைச்சரின் பெயரோ அவரது விருப்பமோ அந்தக் கோப்பில் எங்கும் இராது. பின்னாளில் விசாரணை வந்தால் அகப்படுபவர் அந்த எழுத்தர்தான். இரண்டரை மணி நேரப் படத்துக்கு வேண்டிய அச்சமும் ஆசையும் துரோகமும் அந்த ஐந்து நிமிடத்துக்குள் இருக்கின்றன. நம்மிடம் நல்ல நடிகர்களுக்குப் பஞ்சமில்லை; அவர்களை அந்த அறைக்குள் அனுப்பத்தான் ஆளில்லை.

சிலப்பதிகாரத்தில் பாண்டியன் செய்த பிழையும் இப்படிப்பட்டதுதான். ஊடிச் சென்ற அரசியைச் சமாதானப்படுத்தப் போகும் அவசரத்தில், வாயிலில் வந்து நின்ற பொற்கொல்லனின் சொல்லை நம்பி, விசாரணை எதுவும் இல்லாமல் காவலரிடம் கொலை ஆணையைக் கொடுத்துவிட்டு அவன் நடந்துவிடுகிறான். அவனிடம் பேராசையும் இல்லை, வஞ்சமும் இல்லை. கவனம் இல்லை, அவ்வளவே. இத்தகைய ஒரு முதலமைச்சரை உங்கள் படங்களில் நான் இதுவரை பார்க்கவில்லை.

இனி எங்கள் மாவட்டத்து மேலூருக்கு வருகிறேன். மதுரை மாவட்ட ஆட்சியராக இருந்த உ. சகாயம், சட்டவிரோதக் கிரானைட் குவாரிகளால் அரசுக்கு 16,000 கோடி ரூபாய்க்கு மேல் இழப்பு என்று மதிப்பிட்டு 2012 மே மாதத்தில் அரசுக்கு அறிக்கை அனுப்பினார். அந்த அறிக்கை வெளியுலகுக்குத் தெரியவந்தபோது அவர் கோ-ஆப்டெக்ஸ் நிறுவனத்துக்கு மாற்றப்பட்டிருந்தார். 2014இல் சென்னை உயர் நீதிமன்றம், அந்தக் குவாரி முறைகேடுகளை விசாரிக்க அவரையே சட்ட ஆணையராக நியமித்தது. 2015 செப்டம்பரில், குவாரிக்காக நரபலி கொடுத்துப் புதைத்ததாகப் புகார் எழுந்த சின்னமலம்பட்டி சுடுகாட்டில், தோண்டுவதற்கு முன் தடயம் கலைந்துவிடக் கூடாது என்று அவர் இரவு முழுவதும் தங்கினார். உங்களில் ஒருவர் இந்தக் கதையைத் தொட்டால் அந்தச் சுடுகாட்டு இரவை இடைவேளைக் காட்சியாக வைப்பார் என்பது எனக்குத் தெரியும்; அதில் தவறும் இல்லை. ஆனால் நான் உங்களைப் பார்க்கச் சொல்வது வேறு. கீழவளவுப் பக்கம் போய் நின்று பாருங்கள். பாறை செங்குத்தாக அறுக்கப்பட்டு, துளைக்கருவி இறங்கிய கோடுகள் வரிசையாகத் தெரிய, அடியில் பச்சை நிறத்தில் நீர் தேங்கிக் கிடக்கிறது. ஓரமெல்லாம் விலைபோகாத கல் குவிந்திருக்கிறது. பட்டா நிலத்துக்கு வாங்கிய உரிமத்தை வைத்துக்கொண்டு பக்கத்துப் புறம்போக்கைக் குடைந்ததாகவும், கண்மாய்களையும் அவற்றுக்கு நீர் வரும் வாய்க்கால்களையும் மூடியதாகவும், கல்லை ஏற்றிச் செல்வதற்கான அனுமதியாகிய நடைச்சீட்டில் காட்டியதைவிட அதிகமாகக் கல்லைக் கொண்டுபோனதாகவும் குற்றச்சாட்டுகள் எழுந்தன. இவற்றில் எதுவும் இரவோடு இரவாக ஒளிந்து செய்யக்கூடிய காரியம் அல்ல. அளவிட வேண்டியவர் அளவிடாமலும், சோதனைச் சாவடியில் நிறுத்த வேண்டியவர் நிறுத்தாமலும் இருந்தால்தான் அத்தனை கல் துறைமுகம் வரை போய்ச் சேர முடியும். அந்த ஒவ்வொருவரையும் மனிதராகக் காட்டினால், அமைச்சர் திரையில் தோன்றாமலே அவருடைய அதிகாரம் எவ்வளவு தூரம் நீள்கிறது என்பது பார்ப்பவருக்குப் புரிந்துவிடும்.

அதே மேலூர்ப் பகுதியின் தும்பைப்பட்டியில் பிறந்தவர்தான் பி. கக்கன். பொதுப்பணி, வேளாண்மை, உள்துறை என்று அமைச்சுப் பொறுப்புகள் பலவற்றை வகித்தவர், பிற்காலத்தில் மதுரை அரசு மருத்துவமனையின் பொதுப் பிரிவில் சாதாரண நோயாளியாகச் சிகிச்சை பெற்றார் என்பதை எங்கள் ஊரில் அறியாதவர் இல்லை. அவரைப் பற்றிப் படம் எடுக்க நினைப்பவர்கள் எளிமையைக் காட்டி மாலை போட்டுவிட்டுப் போய்விடுவார்கள் என்பதே என் கவலை. 1965இல் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின்போது துப்பாக்கிச் சூடுகள் நடந்த காலத்தில் உள்துறை அமைச்சராக இருந்தவரும் அவரே. 1967 தேர்தலில் தோற்றவரும் அவரே. கறைபடாத கையை உடைய ஒருவர், தன் அரசு மாணவர்கள் மீது சுட்ட நாட்களில் அந்த நாற்காலியில் எப்படி உட்கார்ந்திருந்தார் என்ற கேள்வியைக் கேட்கும் துணிச்சல் உங்களுக்கு வர வேண்டும். அதைக் கேட்பது அவருக்குச் செய்யும் அவமரியாதை ஆகாது.

பெண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. பதவியில் இருப்பவரை வீழ்த்தும் அவதூறு என்றாலே ஒரு பெண்ணையும் ஒரு விடுதி அறையையும் காட்டும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். அந்தப் பெண்ணுக்கு வாக்குரிமையும் அரசியல் ஆசையும் இருக்கலாம் என்று ஒரு படமாவது எண்ணட்டும்.

தணிக்கைக்கும் எதிர்ப்புக்கும் அஞ்சுவதாக உங்களில் பலர் பேட்டிகளில் சொல்கிறீர்கள். 2021இல் திரைப்படச் சான்றிதழ் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் கலைக்கப்பட்ட பிறகு, தணிக்கை வாரியத்தின் முடிவை எதிர்க்க உயர் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. வட்டிக்கு வாங்கிய பணத்தில் படம் எடுப்பவருக்கு அது பெரும் சுமை என்பதை அறிவேன். ஆயினும், ஒரு தமிழ்ப் படத்தின் சான்றிதழைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தபோது 1989இல் உச்ச நீதிமன்றம் அதை மீட்டுக் கொடுத்ததையும், ஆர்ப்பாட்டம் வரும் கலவரம் வரும் என்ற மிரட்டலுக்காகக் கருத்துரிமையை அடக்க முடியாது என்று அப்போது தெளிவாகச் சொன்னதையும் மறந்துவிடாதீர்கள். ரங்கராஜன் வழக்கு என்று வழக்கறிஞர்கள் குறிப்பிடும் அந்தத் தீர்ப்பைப் பெற்றுத் தந்தவர் உங்களைப் போன்ற ஒரு படத் தயாரிப்பாளர்தான்.

ஆகவே என் வேண்டுகோள் இது. அடுத்த அரசியல் படத்தை எழுதத் தொடங்கும் முன், சட்டமன்றத்தில் வைக்கப்படும், அரசின் வரவு செலவைச் சரிபார்க்கும் கணக்குத் தணிக்கைத் துறை அறிக்கைகளில் ஒன்றை முழுதாகப் படியுங்கள். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் சில நாட்கள் பார்வையாளராக உட்காருங்கள். ஓய்வுபெற்ற எழுத்தர்களையும் நில அளவர்களையும் தேடிப் பிடித்துப் பேசுங்கள். பணியில் இருந்தபோது வாய் திறக்க முடியாத பலர் இன்று பேசக் காத்திருக்கிறார்கள். பிறகு, ஒரே ஒரு கோப்பு முதல் குறிப்பிலிருந்து கடைசிக் கையெழுத்து வரை செல்லும் வழியைக் கதையாக்கிக் கொண்டுவாருங்கள்.

தங்கள் உண்மையுள்ள,
மதுரை ரசிகன் ஒருவன்