யாளி வரட்டும், சிறுமியை ஸ்டேஷனுக்கு இழுக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் ஞாயிறு இணைப்பில் வரும் மாயக்கதைத் தொடரை மகள் வயிற்றுப் பேத்தியோடு சேர்ந்து படித்து வருகிறேன். கோயில் தூணில் இருந்த யாளி நடுச்சாமத்தில் உயிர்பெற்று, சிலை திருட வந்தவனைக் கவ்விக்கொண்டு போகும் அத்தியாயத்தை அவள் எனக்கு வாய்விட்டு வாசித்துக் காட்டினாள். யாளியின் துதிக்கையில் ஒட்டிக் கிடந்த எண்ணெய்ப் பிசுக்கைக்கூட விடாமல் எழுதியிருந்தார் தொடரின் ஆசிரியர். அவ்வளவு கவனம் உள்ளவர் அடுத்த வாரம் எழுதிய காவல் நிலையக் காட்சிதான் என்னைக் கடிதம் எழுத வைத்தது.

நடந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் 16 வயது அண்ணனும் 14 வயதுத் தங்கையும். இரவு 11 மணிக்கு இன்ஸ்பெக்டர் இருவரையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வருகிறார். மேஜை விளக்கை முகத்துக்கு நேரே திருப்புகிறார். “பொய் சொன்னா உள்ள வச்சிருவேன்” என்று மிரட்டி, எழுதியதில் கையெழுத்து வாங்குகிறார். கதையில் யாருமே இதைத் தவறாக நினைக்கவில்லை.

நான் மகளிர் காவல் நிலையத்தில் உதவி ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவள். இப்படியெல்லாம் எங்கும் நடந்ததே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் இது முறையல்ல என்று கதைக்குள் ஒரு ரைட்டருக்காவது, ஒரு பாரா காவலருக்காவது தெரிந்திருக்க வேண்டாமா?

பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 179-ஆம் பிரிவுப்படி, 15 வயதுக்கு உட்பட்ட பையனையோ, எந்த வயதுப் பெண்ணையோ சாட்சி விசாரணைக்காக ஸ்டேஷனுக்கு வரச் சொல்ல முடியாது. அவர்கள் இருக்கும் வீட்டுக்கு நாங்கள்தான் போக வேண்டும். தாங்களாக விரும்பி வந்தால் மட்டும் அனுமதிக்கலாம். பழைய சட்டத்தின் 160-ஆம் பிரிவிலும் பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் இந்தப் பாதுகாப்பு இருந்தது. கையெழுத்து விஷயமும் அப்படித்தான். சாட்சி போலீஸிடம் சொல்லும் வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கவே கூடாது. புதுச் சட்டத்தில் அது 181-ஆம் பிரிவு.

இதில் கதைக்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்று பாருங்கள். அண்ணனுக்கு 16 முடிந்துவிட்டது, அவனை எழுத்து மூலம் அழைக்கலாம். தங்கையை அழைக்க முடியாது. அவன் ஸ்டேஷன் பெஞ்சில் ஒன்று சொல்ல, அவள் வீட்டுக் கூடத்தில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து வேறொன்று சொல்ல, இரண்டையும் வைத்துக்கொண்டு முழிப்பவர் விசாரணை அதிகாரி. மேஜை விளக்கைவிட இது பெரிய சஸ்பென்ஸ்.

பிள்ளைகளிடம் பேசப் போகும்போது ஜீப்பைத் தெருமுனையிலேயே நிறுத்திவிடுவேன். சீருடை கிடையாது, சேலைதான். ஒரு திருட்டு வழக்கில் 13 வயதுப் பையன், ஓடினவன் “கரடி மாதிரி இருந்தான்” என்றான். கூட வந்த காவலர், “தாடி வச்சிருந்தானா, கம்பளி போத்தியிருந்தானா?” என்று கேட்க வாயெடுத்தார். கையமர்த்தினேன். அப்படிக் கேட்டால் பையன் இரண்டில் ஒன்றைச் சொல்லிவிடுவான், அதோடு உண்மை போச்சு. “கரடி மாதிரின்னா எப்படிப்பா?” என்று மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்துவிட்டு, “மூச்சு விட்ட சத்தம்க்கா” என்றான். ஆளுக்கு இழுப்பு. அந்த ஒரு தடயத்தை வைத்துத்தான் ஆளிடம் போய்ச் சேர்ந்தோம்.

ஆகவே, அந்தச் சிறுமி “யாளி” என்று சொன்னால் வாக்குமூலத்தில் யாளி என்றே எழுத வேண்டும். மிருகம் என்றோ மர்ம நபர் என்றோ திருத்தக் கூடாது. எழுதிவிட்டு, விடிந்ததும் கோயிலுக்குப் போய்த் தூணைப் பார்த்துப் பார்வை மகஜர், அதாவது சம்பவ இடத்தில் கண்டதைச் சாட்சிகள் முன்னால் எழுதும் பத்திரம், போட வேண்டும். தூணில் யாளி இருந்த இடம் வெறும் கல்லாக இருக்கிறது. அதை எழுதி, கீழே சாட்சிக் கையெழுத்துப் போடச் சொல்லிக் கிராம நிர்வாக அலுவலரிடம் நீட்டினால் அவர் என்ன செய்வார்? அந்தக் காட்சிக்காக நான் அடுத்த ஞாயிறு வரை காத்திருப்பேன்.

வில்லன் கூடு விட்டுக் கூடு பாய்பவன். அவன் போட்டோவை இன்ஸ்பெக்டர் தன் செல்போனில் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே காட்டிவிடுகிறார். பிறகு மாஜிஸ்திரேட் முன்னால் அடையாள அணிவகுப்பு நடத்தி என்ன பிரயோசனம்? எதிர்த்தரப்பு வக்கீல் முதல் கேள்வியிலேயே அதை உடைத்துவிடுவார்.

பத்திரிகைக்காரர்களிடம் அந்தச் சிறுமியின் பெயரையும் பள்ளியையும் இன்ஸ்பெக்டர் சொல்வதாகவும் வருகிறது. குற்றத்துக்குச் சாட்சியான குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவது 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவுப்படி குற்றம். 6 மாதம் வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஒரு நாளிதழில் வரும் கதையில் இது தப்பாக வரலாமா?

அந்த அத்தியாயத்தை வாசித்து முடித்ததும் பேத்தி சொன்னாள்: “நான் எதையாவது பாத்தா யார்ட்டயும் சொல்ல மாட்டேன் அம்மாச்சி.” எட்டாம் வகுப்புப் படிக்கிறவள். யாளி பொய் என்று அவளுக்குத் தெரியும். ஸ்டேஷன் காட்சி பொய் என்று தெரியவில்லை. இப்படி வாயை மூடிக்கொண்ட பிள்ளைகளால் நின்றுபோன வழக்குகளை நான் பார்த்திருக்கிறேன். அந்த வேதனையில்தான் எழுதுகிறேன்.

தொடரின் ஆசிரியர் சம்மதித்தால், போலீஸ் வரும் பக்கங்களை அச்சுக்குப் போகும் முன் படித்துத் திருத்தம் சொல்லத் தயாராக இருக்கிறேன். சன்மானம் எதுவும் வேண்டாம். என் தொலைபேசி எண்ணைத் தனித்தாளில் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பெண் காவல் உதவி ஆய்வாளர்,
திண்டுக்கல்.