கூட்டலைச் சரிபாருங்கள் அப்பா

சுகர் லேண்ட், டெக்சஸ்
12.6.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். உங்கள் நலமும் அம்மாவின் நலமும் அறிய ஆவல். தொலைபேசியில் பேசினால் பாதிதான் உங்கள் காதில் விழுகிறது என்று அம்மா சொன்னாள். அதனால் எழுதுகிறேன். எழுத்தைக் கொஞ்சம் பெரிதாகவே போட்டிருக்கிறேன்.

நான் மாலை நேரத்தில் ஓடி ஓடிச் சம்பாதித்ததை இந்த ஊர் அரசாங்கம் பிடுங்கிக்கொண்டது என்று அண்ணன் சொன்னானாம். நீங்கள் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லையாம். ஏப்ரலில் அவனிடம் அழுதது நான்தான். இப்போது அழவில்லை. என்ன நடந்தது என்று கணக்கோடு சொல்கிறேன், நீங்களே பாருங்கள்.

பகலில் நூலக வேலை. அதில் மாற்றமில்லை. கிரீன் கார்டு வந்த பிறகுதான் வேறு வேலையும் செய்ய எனக்கு உரிமை கிடைத்தது. அதற்கு முன் செய்திருந்தால் விசாவுக்கே ஆபத்து. சென்ற ஆண்டு ஜனவரியிலிருந்து மாலையிலும் சனிக்கிழமையிலும் மருத்துவமனைகளில் மொழிபெயர்க்கப் போகிறேன். மருத்துவர் ஆங்கிலத்தில் கேட்பார், நம் ஊர்ப் பெரியவர் தமிழில் சொல்வார், நடுவில் நான். மத்திய அரசின் பணம் பெறும் மருத்துவமனைகள் மொழி தெரியாத நோயாளிக்கு இந்த உதவியைத் தர வேண்டும் என்பது 1964 குடிமை உரிமைகள் சட்டத்திலிருந்து வந்த ஏற்பாடு. நோயாளி காசு கொடுக்க வேண்டியதில்லை.

யார், எங்கே என்று சொல்லக்கூடாது. ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஒரு பாட்டி "கிறுகிறுன்னு வருது" என்றார். கூட இருந்த பேரன் அதை 'மயக்கம்' என்று ஆங்கிலத்தில் சொல்லியிருந்தான். மயங்கி விழுந்தீர்களா என்று நான் திரும்பக் கேட்டேன். "விழவே இல்லையே, எழுந்தால் சுத்துது" என்றார். மருத்துவர் அதுவரை எழுதியதை அடித்துவிட்டு முதலிலிருந்து கேட்க ஆரம்பித்தார். அந்தப் பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. இந்த வேலையை நான் பணத்துக்காக மட்டும் செய்யவில்லை அப்பா.

பணம் எனக்கு மருத்துவமனையிலிருந்து வருவதில்லை. இரண்டு முகவர் நிறுவனங்கள் என்னை அனுப்புகின்றன. நான் அவர்களுடைய ஊழியர் இல்லை, தனியாக ஒப்பந்தத்தில் வேலை செய்பவள். எனவே யாரும் வரி பிடிப்பதில்லை. முழுத் தொகையும் கைக்கு வந்துவிடும். முழுதாக வந்ததை முழுதும் என்னுடையது என்று நினைத்தேன். அங்கேதான் தவறினேன்.

ஏப்ரலில் கணக்கு முடித்தபோது, வருமான வரி போக, சுயதொழில் வரி என்று தனியாக 1,046 டாலர் நின்றது. இவ்வளவு நாள் கட்டாமல் இருந்ததற்குச் சிறு அபராதமும் சேர்ந்தது. அன்று இரவுதான் அண்ணனுக்குப் போன் செய்தேன்.

அந்த 1,046 எப்படி வந்தது என்று பாருங்கள். ஒரு நிறுவனம் தந்தது 9,400 டாலர், இன்னொன்று தந்தது 450. சென்ற ஆண்டு விதிப்படி 600 டாலருக்குக் குறைவாகக் கொடுத்தவர் எவ்வளவு கொடுத்தார் என்று காட்டும் வரித் தாளை அனுப்ப வேண்டியதில்லை. அதனால் அந்த 450-க்குத் தாள் வரவில்லை. தாள் வராவிட்டாலும் வருமானம் வருமானம்தான், சேர்த்துவிட்டேன். மொத்தம் 9,850. இதில் செலவு கழியும். வேலைக்காகக் கார் ஓட்டிய தூரத்துக்கு 2024-இல் மைலுக்கு 67 சென்ட். நூலகத்திலிருந்து மருத்துவமனைக்கு நேரே போனால் கணக்கில் வரும், அங்கிருந்து வீட்டுக்குத் திரும்புவது வராது. 3,000 மைலுக்கு 2,010 டாலர். வண்டி நிறுத்தவும் சுங்கச் சாலைக்கும் 440. நிகரம் 7,400.

அந்த 7,400-இல் 92.35 சதவீதத்தை எடுத்து, அதில் 15.3 சதவீதம். பெருக்கிப் பாருங்கள், 1,046 வரும்.

15.3 ஏன் என்பதுதான் எனக்கு முதலில் விளங்கவில்லை. நூலகச் சம்பளத்தில் 7.65 சதவீதம் பிடிக்கிறார்கள். நூலகமும் தன் பங்காக இன்னொரு 7.65 கட்டுகிறது. அது என் சம்பளச் சீட்டில் தெரியாது. ஒப்பந்த வேலையில் அந்த இரண்டாவது பங்கைக் கட்ட ஆள் இல்லை, இரண்டையும் நானே கட்ட வேண்டும். 12.4 முதுமைக்கால ஓய்வூதியத்துக்கு, 2.9 மெடிகேர் என்ற மருத்துவக் காப்பீட்டுக்கு. முதலாளி பங்கு போன்ற பாதியை, அதாவது 523 டாலரை, வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளவும் விடுகிறார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு நீங்கள் கணக்கு எழுதிய மில்லின் வருகைப் பதிவேடு நினைவுக்கு வந்தது.

நான் ஏழாவது படிக்கும்போது ஒரு நாள் சாப்பாடு கொண்டுவந்தேன். நீங்கள் இரண்டு பதிவேடு வைத்திருந்தீர்கள். ஒன்றில் முப்பதுக்கு மேல் பெயர்கள், இன்னொன்றில் பத்தொன்பது. ஏன் என்று கேட்டேன். "இருபது வந்தால் பி.எஃப். கட்டணும்மா" என்றீர்கள், தலையை நிமிராமல். பத்தொன்பதில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. உங்கள் கையெழுத்தில், உங்கள் பெயர் இல்லாத பதிவேடு. நீங்கள் என்ன செய்திருக்க முடியும்? நாங்கள் இரண்டு பேர் படித்துக்கொண்டிருந்தோம். உங்களைக் குறை சொல்லவில்லை, ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் இருபத்தெட்டு வருடம் அங்கே கணக்கு எழுதிய உங்களுக்கு ஒரு ரூபாய் ஓய்வூதியம் இல்லை என்பதை என்னால் விழுங்க முடியவில்லை.

இந்த நாட்டிலும் 1935-இல் சமூகப் பாதுகாப்பு என்ற ஓய்வூதியச் சட்டம் வந்தபோது சொந்தத் தொழில் செய்தவர்களுக்கு இடம் இல்லை. 1951-இலிருந்துதான் அவர்களில் பலரைச் சேர்த்தார்கள். சேர்ந்ததால் இந்த வரி. வரி கட்டுவதால் அவர்கள் பெயரும் ஏட்டில் ஏறியது. ஓய்வூதியம் பெற, வேலை செய்து இந்த வரி கட்டியதற்குக் கிடைக்கும் புள்ளிகள் 40 வேண்டும், ஆண்டுக்கு நான்குக்கு மேல் கிடைக்காது. நூலக வேலையிலேயே எனக்கு 24 சேர்ந்திருக்கிறது. மாலை வேலை புள்ளியைக் கூட்டாது, ஆனால் என் பெயருக்கு நேரே எழுதும் வருமானத்தைக் கூட்டும். அதிக வருமானமுள்ள 35 வருடங்களின் சராசரியை வைத்துத்தான் பிற்காலத்தில் மாதத் தொகையைக் கணக்கிடுவார்கள். அரசாங்கத்தின் இணையதளத்தில் என் பெயரைத் திறந்து ஒவ்வொரு வருடமாகப் பார்த்தேன். நெடுநேரம் பார்த்தேன்.

பாரம் இல்லை என்று சொல்ல மாட்டேன். குறைந்த கூலிக்கு ஒப்பந்தத்தில் ஓடுகிறவர்களுக்கு 15.3 மிகவும் கனம். ஊழியராகவே வேலை வாங்கிக்கொண்டு ஒப்பந்தக்காரர் என்று எழுதித் தன் பங்கைத் தொழிலாளியின் தலையில் கட்டும் முதலாளிகள் இங்கேயும் இருக்கிறார்கள். அது அந்தப் பத்தொன்பது பெயர்ப் பதிவேட்டின் இன்னொரு வடிவம்தான்.

இப்போது பணம் வந்த அன்றே நான்கில் ஒரு பங்கைத் தனிக் கணக்கில் போட்டுவிடுகிறேன். வருடத்தில் நான்கு தவணை. ஏப்ரல், ஜூன், செப்டம்பர், அடுத்த ஜனவரி, ஒவ்வொன்றிலும் 15-ஆம் தேதி. ஏப்ரலுக்கும் ஜூனுக்கும் இடையே இரண்டே மாதம், அதில் பலர் தவறிவிடுகிறார்கள். இந்த முறை 15 ஞாயிறு என்பதால் 16 வரை நேரம் உண்டு. நான் நேற்றே கட்டிவிட்டேன். டெக்சஸில் மாநில வருமான வரி இல்லை என்பதால் இந்த ஒன்றோடு முடிந்தது.

நீங்கள் சொல்லிக்கொடுத்த மாதிரியே நாள்வழிக் குறிப்பேடும் பேரேடும் வைத்திருக்கிறேன். அன்றைய மைலை அன்றே எழுதாமல் தூங்குவதில்லை. மே மாதப் பக்கத்தின் நகலை இதனுடன் வைத்திருக்கிறேன். கூட்டலைச் சரிபாருங்கள். மூன்றாவது வரியில் எனக்கே சந்தேகம். தவறு இருந்தால் சிவப்பு மையில் வட்டம் போட்டு அண்ணனிடம் கொடுங்கள், அவன் படம் எடுத்து அனுப்புவான்.

அம்மாவுக்கு முழங்கால் தைலம் அனுப்பியிருக்கிறேன். வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

தங்கள் அன்பு மகள்