மேல்காட்டுக்கு ஆள் வந்திருக்கிறது

ஏற்காடு

அன்புள்ள மாப்ளை,

இங்கே எல்லோரும் நலம். உன் தங்கச்சிக்குத்தான் மழை வந்தால் மூட்டுவலியும் கூடவே வந்துவிடுகிறது. ஒல்லி ரிட்டயர் ஆகிவிட்டான். அஞ்சு ரோட்டில் வைத்து ஒரு தட்டுவடை செட் கூட வாங்கித் தரவில்லை, ஆள் மாறவே இல்லை. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

நீ அனுப்பிய செய்தியைப் பார்த்தேன். பனாமா காப்பி, 20 கிலோ, ஏலத்தில் கிலோ 30,204 டாலர், எடுத்தது உங்கள் துபாய்க்காரர்கள். அதன் கீழே "டேய் காப்பிக்கொட்டை, உன் தோட்டத்தில் இதில் ஒரு செடி கூடவா இல்லை?" என்று உன் நக்கல். நம் காசில் கிலோ 26 லட்சத்துக்கு மேல் வருகிறது. வேறு நேரமாக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் அதே வாரம்தான் தம்பி பெங்களூரிலிருந்து கூப்பிட்டு, "அண்ணா, நம்ம தோட்டத்து மேல்காட்டை வாங்க ஆள் வந்திருக்கு, ரிசார்ட் கட்டுகிறவர்கள், நல்ல விலை, யோசிச்சு வை" என்றான். அவன் யோசிச்சு வை என்றால் அவன் யோசித்து முடித்தாயிற்று என்று அர்த்தம், அவனை உனக்குத் தெரியாதா. அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. போனை எடுத்து வைத்துக்கொண்டு அந்தக் காப்பியை விளைவித்த பனாமாக் குடும்பத்தைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன், இன்னும் படித்துக்கொண்டேதான் இருக்கிறேன். உன் தங்கச்சி, "அவங்க வீட்டுக் கல்யாணத்துக்குப் பத்திரிகை வந்திருக்கா?" என்று கேட்கிறாள்.

அவர்களும் வந்தேறிகள்தான். ருடால்ஃப் பீட்டர்சன் என்பவர் ஸ்வீடனில் பிறந்து, கைக்குழந்தையாக அமெரிக்கா போய், கடைசியில் பாங்க் ஆஃப் அமெரிக்காவுக்கே தலைவரானவர். ஓய்வுகாலத்துக்கு என்று 1967-ல் பனாமாவில் பரூ எரிமலைச் சரிவில் பொக்கேட்டே பக்கம் ஒரு பண்ணை வாங்கினார். மகன் பிரைஸ் மூளை ஆராய்ச்சி படித்தவர், அதை விட்டுவிட்டு 1973-ல் குடும்பத்தோடு அங்கேயே குடிவந்துவிட்டார். முதலில் மாடும் பாலும்தான், காப்பியைப் பெரிதாக எடுத்தது 1980-களில்தான். 1990-களில் ஜராமில்லோ என்று இன்னும் மேட்டில் இன்னொரு தோட்டத்தையும் வாங்கினார்கள். அங்கே பழைய மரங்களுக்கு நடுவே கெய்ஷா என்ற ரகமும், நீ அனுப்பிய ஏலக் காப்பி இதுதான், கலந்து நின்றிருக்கிறது. நெட்டையாக வளரும், கிளை சட்டென்று முறியும், காய்ப்பும் கம்மி, அதனால் அந்த ஊரில் அதை ஒருவரும் சீண்டவில்லை. பேரன் டேனியல்தான், தோட்டத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து ஒவ்வொரு பகுதியின் காப்பியையும் தனித்தனியாகக் குடித்துப் பார்த்தது. ஒரு பகுதி மட்டும் மல்லிகை வாசம் அடித்திருக்கிறது. 2004-ல் போட்டிக்கு அனுப்பினார்கள், முதல் பரிசு, ஏலத்தில் பவுண்டு 21 டாலர். மற்ற காப்பி பவுண்டு ஒரு டாலருக்கே தவித்துக்கொண்டிருந்த காலம் அது.

அந்தச் செடி அங்கே போன கதைதான் என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது. 1930-களில் எத்தியோப்பியக் காட்டில் எடுத்த விதை, கென்யா, தான்சானியா ஆராய்ச்சி நிலையங்களில் வளர்ந்து, 1953-ல் கோஸ்டா ரிகா போய், 1960-களில் பனாமா வந்திருக்கிறது. ருசிக்காக ஒருவரும் தூக்கிப் போகவில்லை. இலைத்துரு நோயைத் தாங்கும் என்றுதான் கொண்டு போயிருக்கிறார்கள். இலைத்துரு, மாப்ளை! எங்கள் குடும்பத்தை இந்த மலையில் ஏற்றிவிட்டதே அதுதானே.

எங்கள் வீட்டை ஏன் சிலோன்காரன் வீடு என்கிறார்கள் என்று நீ ஹாஸ்டலில் கேட்டபோது ரேடியோ கதை ஒன்றை விட்டேனே, அது உடான்ஸ். நிஜக் கதை அப்பா சொன்னது. தாது வருஷப் பஞ்சத்தில், 1877 வாக்கில், ராசிபுரம் பக்கத்திலிருந்து கிளம்பி, ராமநாதபுரம் கரை வரை நடந்து, தோணியேறி மன்னாரில் இறங்கி, காட்டுவழியாகக் கண்டிச்சீமைக்கு நடந்து போனவர்கள் எங்கள் ஆட்கள். கொள்ளுத்தாத்தா அப்போது கைப்பிள்ளை. அங்கே காப்பித் தோட்டத்தில் லைன் வீடு. ஆனால் இலைத்துரு சிலோனில் 1869-லேயே இறங்கியாயிற்று. இலைக்கு அடியில் ஆரஞ்சு நிறப் பொடி, தொட்டால் விரலில் ஒட்டும், அப்புறம் இலை கொட்டும், இரண்டு மூன்று வருஷம் இலை கொட்டினால் மரம் விறகு. எல்லாம் முடிகிற நேரம் பார்த்துப் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள் பார், எங்கள் குடும்ப ராசி அது. காப்பியைப் பிடுங்கிவிட்டுத் தேயிலை வைக்க ஆரம்பித்ததும் கொஞ்சப் பேர் தேயிலைக்கு மாறினார்கள், எங்கள் ஆட்கள் திரும்பிவிட்டார்கள். ராசிபுரத்தில் ஒரு சாண் நிலம் கிடையாது, தெரிந்த வேலை காப்பி ஒன்றுதான், சேலத்துக்குப் பக்கத்தில் காப்பி இருக்கிற மலை இது. சேலம் கலெக்டர் காக்பர்ன் 1820-களில் கிரேஞ்ச் எஸ்டேட்டில் ஆரம்பித்து வைத்தது இங்கே அதற்குள் நன்றாகவே பரவியிருந்தது.

யோசித்துப் பார்த்தால் இந்த மலையில் வராதவர் யார் இருக்கிறார்கள்? காப்பி வெளியிலிருந்து வந்தது. நிழலுக்கு நிற்கிற சில்வர் ஓக் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. நமக்கெல்லாம் முன்னாலிருந்தே இங்கே இருக்கிற மலையாளி என்கிற பழங்குடி சனமே, காஞ்சிபுரத்திலிருந்து சாமியைத் தூக்கிக்கொண்டு வந்தோம் என்றுதான் கதை சொல்கிறார்கள். இப்போது என் தோட்டத்தில் பழம் பறிக்க வருவது ஜார்க்கண்ட் பசங்கள். நம் ஊர்ப் பிள்ளைகள் திருப்பூர் போய்விட்டார்கள், அவர்களைக் குற்றம் சொல்லவும் முடியாது.

கொள்ளுத்தாத்தா கடைசி வரை கூலி. தாத்தா கங்காணி. சுதந்திரத்துக்குப் பிறகு அவருடைய துரை சீமைக்குக் கிளம்பியபோது ஆயாவின் நகை, சேவாப்பேட்டையில் வட்டிக் கடன், எல்லாம் போட்டு 11 ஏக்கர் வாங்கினார். கீழ்க்காட்டில் பாலேஹொன்னூர் ஆராய்ச்சி நிலையத்தின் எஸ்.795 நட்டார், அப்போது அது புது ரகம், துருவைத் தாங்கும் என்று பெயர். மேல்காட்டில் துரை காலத்து மரங்களை அப்படியே விட்டுவிட்டார். காசு இல்லாததுதான் காரணம், வேறு ஞானம் ஒன்றும் இல்லை.

இப்போது என் ஆதங்கத்துக்கு வருகிறேன். இத்தனை தலைமுறை காப்பியில் கிடந்தும் எங்கள் தோட்டத்துக் காப்பி என்ன ருசி என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. 1942 காப்பிச் சட்டத்திலிருந்து 1990-களின் நடுவரை எல்லாம் பூல். விளைந்ததைக் கொண்டுபோய் அரசாங்கக் காப்பி போர்டு பூலில் கொட்ட வேண்டும், ஊர்ப்பொங்கல் மாதிரி எல்லார் வீட்டு அரிசியும் ஒரே பானையில். தரம் பிரித்துப் புள்ளி போட்டுத் தவணை தவணையாகப் பணம் வரும். அப்பாவின் தகரப்பெட்டியில் அந்தத் தவணைச் சீட்டுகள் இன்னும் இருக்கின்றன, எடை இருக்கிறது, தரம் இருக்கிறது, எந்தக் காட்டுக் காப்பி என்று ஒன்றிலும் இல்லை. பூல் தப்பு என்று சொல்லவில்லை, அது இல்லாவிட்டால் எங்கள் மாதிரி ஆட்களை வியாபாரி தின்றிருப்பான், அப்பா அதைக் கடைசி வரை சொல்வார். ஆனால் பூல் போன பிறகும் நாங்கள் அதே பழக்கத்தில் மேல்காடும் கீழ்க்காடும் ஒன்றாகக் கொட்டி வியாபாரியிடம் அனுப்பிவிட்டு, கடையில் சிக்கரி கலந்த தூளை வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தோம்.

அதனால் போன ஜனவரியில் ஒரு வேலை செய்தேன். அப்போது பனாமாவும் தெரியாது, ரிசார்ட்டும் தெரியாது, தனியாகப் பார்ப்போமே என்று ஒரு ஆசை, அவ்வளவுதான். மேல்காட்டுப் பழத்தை மட்டும், நன்றாகச் சிவந்ததாகப் பொறுக்கி, தனியாகத் தோல் உரிக்கிற பல்ப்பரில் விட்டு, தொட்டியில் ஊறவைத்து, வழுவழுப்புப் போகக் கழுவி, களத்தில் கொட்டாமல் பழைய கொசுவலையைக் கயிற்றுக் கட்டிலில் கட்டி அதன்மேல் காயவைத்தேன். பனி இறங்குகிற நேரம் சாக்கு போட்டு மூடி, வெயில் வந்ததும் திறந்து, கையால் புரட்டிப் புரட்டி. வாணலியில் இளவறுப்பாக வறுத்து, பால் இல்லாமல் ஆறவிட்டுக் குடித்தேன். சூடாக இருக்கும்போது சாதாரணக் காப்பிதான். ஆற ஆற ஒரு ஆரஞ்சுத் தோல் வாசம் வந்தது, தொண்டையில் இனிப்பு நின்றது. உன் தங்கச்சி ஒரு வாய் குடித்துவிட்டு, "காப்பியிலே யாரு நார்த்தங்காய் பிழிஞ்சது?" என்றாள். எனக்கு அதுவே சர்டிபிகேட். கீழ்க்காட்டுக் காப்பியையும் அதே மாதிரி செய்து பார்த்தேன், அதில் அது இல்லை.

கெய்ஷா இருக்கிறது என்று சொல்ல வரவில்லை, பயப்படாதே. மேல்காட்டு மரங்கள் என்ன ரகம் என்று ஒருவரும் சொல்ல முடியாது, கென்ட் என்ற பழைய ரகமாக இருக்கலாம், அதற்கும் முந்தியதாக இருக்கலாம். கடல்மட்டத்திலிருந்து 1,500 மீட்டரில், பாறைக்கு மேலே, நிழல் கெடாமல் நிற்கிறது. பழம் மெதுவாகப் பழுப்பதால் ருசி ஏறுகிறது, அது ரகத்தின் வேலையா இடத்தின் வேலையா என்று இரண்டு மூன்று அறுவடை பார்த்தால்தான் பிரிக்க முடியும். ரிசார்ட்காரருக்கும் அதே இடம்தான் வேண்டுமாம், அங்கிருந்து பார்த்தால்தான் ராத்திரி சேலம் முழுக்க விளக்காகத் தெரிகிறது. கீழ்க்காட்டைத் தருகிறேன் என்றேன், தம்பி சிரிக்கிறான்.

அவன் பேசுவதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. பனாமாக் கதையை ஆசையாக அவனிடம் சொன்னேன். "அண்ணா, அது பாங்க் தலைவர் வாங்கின தோட்டம், நம்மளது வட்டிக்கு வாங்கினது" என்றான். வாயடைத்துப் போய்விட்டேன். வெள்ளைத் தண்டுதுளைப்பான் பூச்சி வருஷா வருஷம் மரத்தைத் தின்கிறது. தண்டில் வரிவரியாகப் புடைத்து இலை மஞ்சளானால் பிடுங்கி எரிப்பதைத் தவிர வழியில்லை, மேல்காட்டிலேயே ஒரு ஓரம் மொட்டையாகிவிட்டது. காட்டெருமை வேலியைப் பொருட்படுத்துவதில்லை. 2025 பிப்ரவரியில் நியூயார்க் சந்தையில் அராபிகா பவுண்டு 4 டாலரைத் தாண்டியது, அதுவரை சரித்திரத்திலேயே அதிகம். அந்த விலையிலும் ரிசார்ட்காரர் ஒரு ஏக்கருக்குச் சொல்கிற தொகையைக் காப்பியில் பார்க்க நான் இன்னொரு பிறவி எடுக்க வேண்டும். என் மகள் சென்னையை விட்டு வரமாட்டாள். அவன் பையனுக்குக் காப்பி வாசமே ஆகாது. எனக்கும் அறுபதை நெருங்குகிறது, சரிவில் ஏறும்போது மூச்சு வாங்குகிறது. இதெல்லாம் தெரிந்தேதான் வேண்டாம் என்கிறேன். பிடிவாதம் என்கிறான், இருக்கட்டும்.

உன்னிடம் இரண்டு காரியம் ஆகவேண்டும். ஒன்று, அந்தத் துபாய்க் கடையில் கெய்ஷா ஒரு கப் கிடைத்தால் குடித்துப் பார்த்து எழுது. ஏலத்தில் எடுத்ததைக் குடிக்கச் சொல்லவில்லை, உன் சம்பளம் எனக்குத் தெரியும், சாதாரணக் கெய்ஷா போதும். சர்க்கரை போட்டுத் தொலைக்காதே. இரண்டாவது, நீ டிசம்பரில் வருகிறாய், தம்பியும் பொங்கலுக்கு முன்னாலேயே வருவதாகச் சொல்லியிருக்கிறான். பத்தாம் வகுப்பில் அவனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன் நீ, இன்றைக்கும் உன் பேச்சுக்கு ஒரு மரியாதை வைத்திருக்கிறான். விற்காதே என்று சொல்லச் சொல்லவில்லை. மூன்று அறுவடை பொறுக்கச் சொல், அதற்குள் ஒன்றும் தேறவில்லை என்றால் நானே கையெழுத்துப் போடுகிறேன் என்று சொல். நான் சொன்னால் சண்டையாகிறது.

நீ வரும் நேரம் மேல்காட்டில் பறிப்பு நடந்துகொண்டிருக்கும், ஆள் பற்றாக்குறை வேறு, கூடையோடு வா. அடிவாரத்தில் இறங்கி போன் பண்ணு, வண்டி அனுப்புகிறேன், போன தடவை மாதிரி இருபது கொண்டை ஊசியும் பஸ்ஸில் வாந்தி எடுத்துக்கொண்டு வராதே. மருமகளுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பைச் சொல்.

அன்புடன்,
காப்பிக்கொட்டை